வஞ்சினமும் சதுக்கமும்: தென் கொரியப் பாதாள உலகத் தொடரொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் வழி வரும் கலைப்பொருள்களை இலக்கிய ஆய்வாளர் நோக்கும் முறையில் இருவகைக் குறைபாடுகளைக் காணலாம். அவை யாவும் வணிகச் சரக்கே எனக் கூறி ஒதுக்கிவிடுதல் ஒன்று. செல்வந்தர் தீயோராகவும் வறியோர் நல்லோராகவும் சித்திரிக்கப்பட்டுவிட்டால் அதனையே முற்போக்கு எனப் போற்றுதல் மற்றொன்று. முதலாவது நோக்கு, கோடிக்கணக்கான மக்கள் நாளாந்தம் நுகரும் ஒன்றை ஆய்வின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகின்றது. இரண்டாவது, உள்ளடக்கத்தின் மேற்பரப்பை மாத்திரம் கண்டு, உருவத்தினுள் உறைந்திருக்கும் கருத்துநிலையைக் காணத் தவறுகின்றது. தொலைக்காட்சியைத் தொழினுட்பமாகவும் பண்பாட்டு வடிவமாகவும் ஒருசேர நோக்கவேண்டும் என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளிவந்த தமது நூலில் தெளிவுறுத்தினார். அந்நோக்கினைத் துணையாகக் கொண்டு, 2025 யூன் 6ஆந் திகதி நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஏழு பகுதிகள் கொண்ட தென் கொரியத் தொடரொன்றை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

உலகச் சந்தையில் இத்தொடர் 'எவருக்கும் இரக்கமில்லை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கி வந்தது. கொரிய மொழியில் அதன் பெயர் 'குவாங்ஜாங்'. சதுக்கம், அதாவது பலரும் கூடும் பொதுவெளி, என்பதே அச்சொல்லின் பொருள். இப்பெயர் வேறுபாடு எமது ஆய்வுக்கு முக்கியமானதாகையால் அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

1

ஓ சே-ஹியொங் எழுத, கிம் குன்-தே வரைந்த இணையச் சித்திரத்தொடரே இதற்கு மூலம். கதை எளிமையானது. நாம் கி-ஜுன் என்பவன் ஒரு காலத்தில் தலைநகரின் பாதாள உலகத்தில் எவரும் எதிர்நிற்க அஞ்சிய அடியாள். தனது குதிகால் நரம்பைத் தானே அறுத்துக்கொண்டு அவ்வுலகிலிருந்து விலகியவன். பதினொரு ஆண்டுகளின் பின்னர், அங்கேயே தங்கி உயர்பதவி பெற்றிருந்த அவனது தம்பி கி-சொக் கொல்லப்படுகின்றான். கொன்றவரைத் தேடி அவன் நொண்டியபடி திரும்பி வருகின்றான். லீ ஜு-உன், கு பொங்-சான் ஆகியோரின் இரு பெருங் குழுக்களும் அவன் வழியிற் குறுக்கிடுகின்றன. கு பொங்-சானின் மகன் நிதானமற்ற முரடன். லீ ஜு-உன்னின் மகனோ அரச வழக்குத்தொடுநன். ஈற்றில் இக்கொலைக்கு மூலகாரணமாக வெளிப்படுபவன் அடியாட்களுள் ஒருவனல்லன். சட்டங் கற்று அரசாங்கப் பதவி வகிக்கும் அவ்வாரிசே.

சகோதரனுக்காகப் பழிவாங்கும் இக்கதைக்கருவிற் புதுமை எதுவுமில்லை. ஆயினும் அது எத்தகைய சமூக உறவுகளினூடாக நகர்த்தப்படுகின்றது என்பது கவனத்திற்குரியது. இங்கு பாதாள உலகக் குழுக்கள் இருண்ட சந்துகளிற் பதுங்கியிருக்கும் கூட்டங்கள் அல்ல. அவை கம்பெனிகளாகப் பரிணமித்தவை. அடியாட்கள் கறுப்புக் கோட்டு அணிகின்றனர். தலைவர்கள் பணிப்பாளர்களுக்குரிய அறைகளில் வீற்றிருக்கின்றனர். 2013இல் வெளிவந்த பாக் ஹூன்-ஜொங்கின் 'புதிய உலகம்' திரைப்படத்திலும் 'கோல்ட்மூன்' என்னும் குற்றக் கூட்டு, வணிக நிறுவனமாகவே தோற்றமளித்தது. எனவே இதனை ஒரு தனிப் படைப்பாளியின் கற்பனையாகக் கொள்ளமுடியாது. அந்நாட்டுக் கலையில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஓர் உருவகமாக இது அமைந்துவிட்டது.

2

அவ்வுருவகத்தின் வேர்களை அறியத் தென் கொரிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். அங்கு பாதாள உலகம் அரசுக்கு எதிரானதாக வளரவில்லை. அரசின் கைக்கருவியாகவே வளர்ந்தது. 1950களில் சிங்மன் றீயின் ஆட்சிக்குத் துணைநின்ற சண்டியர் கூட்டங்கள் 'அரசியற் சண்டியர்' என்றே அழைக்கப்பட்டன. தேர்தல் மோசடிக்கெதிராக ஆர்ப்பாட்டஞ் செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கொரியாப் பல்கலைக்கழக மாணவரை 1960 ஏப்பிரல் 18ஆந் திகதி இத்தகைய கூட்டமொன்று தாக்கியது. மறுநாள் மூண்ட மக்கள் எழுச்சி, ஒரு வாரத்தினுள் றீயைப் பதவியிலிருந்து அகற்றியது. சண்டியர் தலைவர்களுள் ஒருவனான இம் ஹ்வா-சு, திரைப்படத் தயாரிப்பாளனாகவும் கலைஞர் அமைப்பொன்றின் தலைவனாகவும் விளங்கியவன் என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இன்று திரையிற் கதாபாத்திரமாகத் தோன்றும் பாதாள உலகம், அன்று திரைத்துறையையே தன் பிடியில் வைத்திருந்தது.

1961இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் இம் ஹ்வா-சு முதலியோரைத் தூக்கிலிட்டது. 1990 ஒக்ரோபரில் ஜனாதிபதி றோ தே-வூ 'குற்றத்தின் மீதான போர்' ஒன்றினைப் பிரகடனஞ் செய்தார். ஆயினும் வன்முறைக்கான தேவை மறையவில்லை; அது வேறு வடிவம் பெற்றது. நகர மீளபிவிருத்தியின் பெயரால் குடியிருப்பாளரையும் சிறுகடைக்காரரையும் வெளியேற்றுவதற்குக் கூலிக்கு ஆட்களை வழங்கும் 'சேவை' நிறுவனங்கள் தோன்றின. 2009 யனவரி 20ஆந் திகதி சியோலின் யொங்சான் பகுதியில், வெளியேற மறுத்துக் கட்டடமொன்றின் உச்சியில் நின்று போராடியோரைப் பொலிசார் அகற்ற முற்பட்டபோது மூண்ட தீயில், போராடியோர் ஐவரும் பொலிஸ்காரர் ஒருவரும் மாண்டனர். அடியாளும் பொலிசும் கட்டுமான மூலதனமும் ஒரே திசையில் இயங்கும் யதார்த்தம் ஒன்று அங்கு இருந்துவந்துள்ளது. இத்தொடரில் வழக்குத்தொடுநனும், முன்னாட் புலனாய்வு அதிகாரியும், குழுத்தலைவர்களும் ஒரே மேசையைச் சூழ அமர்வதை மிகைக்கற்பனை எனத் தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

3

தொடரின் மிக வலுவான படிமம் அந்த அறுபட்ட நரம்பு என்பது எமது துணிபு. கி-ஜுன்னிடம் நிலமில்லை, பங்குகளில்லை, கல்விச் சான்றிதழில்லை. அவனிடம் இருந்தது உடல் மாத்திரமே. அதனைக் கூலிக்கு விற்று இரு தலைவர்களைச் செல்வராக்கியவன் அவன். அவ்வுறவிலிருந்து வெளியேற அவனுக்குத் திறந்திருந்த ஒரே வழி, தனது உழைப்புச் சக்தியைத் தானே ஊனமாக்கிக்கொள்ளுதல். பயனற்றுப்போன கருவியைத்தான் உடைமையாளர் கைவிடுவர். தொழிலாளிக்கும் மூலதனத்துக்குமிடையிலான 'சுதந்திர' ஒப்பந்தத்தின் உட்பொருளை இதனிலும் கூர்மையாகக் காட்டும் காட்சியை இத்தகைய தொடர்களிற் காண்பது அரிது.

தென் கொரியாவிற் சுடுகலன் பற்றிய சட்டங்கள் கடுமையானவை. ஆதலால் இத்தகைய படைப்புகளிற் சண்டை பெரும்பாலும் கையாலும் தடியாலும் கத்தியாலுமே நடைபெறுகின்றது. ஒவ்வோர் அடியிலும் மூச்சிரைப்பும் களைப்பும் தெரிகின்றன. வன்முறை இங்கு ஒரு கடின உடலுழைப்பாகவே தோற்றுகின்றது. சோ ஜி-சப்பின் நடிப்பு இதனை நன்குணர்ந்தது. அவர் வீராவேசம் காட்டுவதில்லை. முடிக்கவேண்டிய வேலையொன்றைச் செய்யும் தொழிலாளியின் இறுகிய முகத்துடனேயே வருகின்றார்.

அண்ணன் வெளியேற, தம்பி உயர்ந்தான். ஆனால் முகாமையாளனாக உயர்ந்தவன் உரிமையாளனாக முடியுமா? லீ ஜு-உன் தன் மகனைவிடக் கி-சொக்கையே நம்பினான். அந்நம்பிக்கையே கி-சொக்கின் உயிருக்கு உலையாயிற்று. திறமையால் மேலேறலாம் என முதலாளித்துவம் கூறும் வாக்கு, இரத்தவழி உரிமை என்னும் சுவரில் மோதிச் சிதறுகின்றது. முதற் தலைமுறை கைவலியாற் சேர்த்ததை இரண்டாந் தலைமுறை சட்ட அறிவாற் கைப்பற்றுகின்றது. பெருங் குடும்ப நிறுவனங்களின் வாரிசுரிமைப் பிணக்குகளை நெடுங்காலமாகக் கண்டுவரும் ஒரு சமுதாயம், தன் அனுபவத்தை இதிற் காண்பது இயல்பே. அன்றியும், இத்தொடர் வெளியாவதற்கு இரு மாதங்களின் முன் பதவி நீக்கப்பட்ட ஜனாதிபதி யூன் சொக்-யொல், 2019 முதல் 2021 வரை அந்நாட்டின் தலைமை வழக்குத்தொடுநராக இருந்தவர். மூலக்கதை அதற்கு முற்பட்டதாகையால் நேரடித் தொடர்பு கற்பிப்பது தவறாகும். எனினும் வழக்குத்தொடுநர் மீது மக்கள் கொண்ட ஐயம் ஓர் உணர்வமைப்பாக நிலவியதென்பதை மறுத்தற்கில்லை.

4

இவ்வளவும் தொடரின் பேறுகள். இனி அதன் எல்லையை நோக்குவோம்.

பழிவாங்கற் கதை தனக்கேயுரிய கணக்கைக் கொண்டது. எனது இரத்தம் சிந்தப்பட்டது. அதற்கு ஈடு வேண்டும் என்பதே அக்கணக்கு. இது நிலமானியச் சமுதாயத்தின் குலநீதி. நிறுவனமாகிவிட்ட மூலதனத்தை எதிர்கொள்ள இத்தொடர் எடுக்கும் ஆயுதம் இப்பழைய நீதியே. அதனால் அமைப்புப் பற்றிய வினா ஆட்கள் பற்றிய வினாவாகச் சுருங்குகின்றது. 'யார் கொன்றான்?' என்பதற்கு விடை கிடைக்கின்றது, 'எது கொல்கின்றது?' என்பது கேட்கப்படுவதேயில்லை. தலைவர்களும் வாரிசுகளும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்த பின்னரும் அந்தக் கட்டடங்களும் கணக்கேடுகளும் அப்படியே இருக்கும். அவற்றின் நாற்காலிகளில் வேறு எவரோ அமர்வர்.

இதனினும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. கி-ஜுன்னின் வழியிற் பெயரற்ற அடியாட்கள் திரள்திரளாக வீழ்கின்றனர். அவர்கள் யாவர்? வேலையற்ற, கல்வியிற் பின்தங்கிய, உடலைத் தவிர விற்க வேறொன்றுமில்லாத உதிரிப் பாட்டாளிகள், பழைய கி-ஜுன்கள். அவர்களுக்கும் தமையன்மார் இருப்பர். ஒரு சகோதரனின் உயிர் ஏழு பகுதிகளுக்குரிய துயராகும்போது, இவர்களின் உயிர் சண்டை அமைப்பின் அலங்காரமாகிவிடுகின்றது. பழிவாங்கும் நீதியை எல்லோருக்கும் உரியதாக்கினால் கதை ஒரு காட்சிகூட நகராது. ஆகவே, சிலருக்கே துயரப்படும் உரிமையுண்டு என்ற நியதியை உருவமே விதித்துவிடுகின்றது. நாயகன் தன்னையொத்தோரைத் தன்னையொத்தோர் என அறியாதிருப்பது இக்கதைக்கு இன்றியமையாத நிபந்தனை. வர்க்க உணர்வின் இன்மையை இத்தொடர் தெரிந்து சித்திரிக்கவில்லை. அதனைத் தன் இயக்கவிசையாகவே கொண்டுள்ளது.

கொரிய மரபில் இதற்கு மாறான ஒரு கதையுண்டு. ஹோ கியூன் இயற்றியதாக மரபுவழிக் கூறப்படும் ஹொங் கில்டொங் கதையின் நாயகன், உயர்குடித் தந்தைக்கும் தாழ்நிலைத் தாய்க்கும் பிறந்து மகனுக்குரிய உரிமை மறுக்கப்பட்டவன். அவனது குறையும் குடும்பத்திலேயே தொடங்குகின்றது. ஆனால் அவன் கள்வர் கூட்டமொன்றின் தலைவனாகி, ஊழல் அதிகாரிகளின் பொருளைக் கவர்ந்து, ஈற்றிற் புதியதோர் அரசையே நிறுவுகின்றான். ஹொப்ஸ்போம் விவரித்த 'சமூகக் கொள்ளையர்' வகையை அவன் நினைவூட்டுகின்றான். கில்டொங்கைச் சூழக் கூட்டம் சேர்கின்றது. கி-ஜுன்னைச் சூழப் பிணங்களே சேர்கின்றன.

அண்மைத் தொடர்களுள்ளும் 'வேட்டை நாய்கள்' (2023) சற்று மேலே செல்கின்றது. கொள்ளைநோய்க் காலத்தில் நொடிந்துபோன சிறு கடைக்காரியான தாயொருத்தி வட்டிக் கும்பலிடம் ஏமாறுவதும், குத்துச்சண்டை வீரனான மகன் அக்கும்பலை எதிர்ப்பதும் அதன் கதை. 1997 நிதி நெருக்கடியை அடுத்து, 1998இல் வட்டி வரம்புச் சட்டம் நீக்கப்பட்டதையும், 2002இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்டுக்கு 66 சதவீத வட்டியை அனுமதித்ததையும் அறிந்தோருக்கு இக்கதையின் சமூக அடித்தளம் புலனாகும். ஆனால் அங்கும் தீர்வாக வருபவர் வட்டியின்றிக் கடன் வழங்கும் ஒரு நல்ல முதியவரே. கெட்ட மூலதனத்துக்கு மாற்று நல்ல மூலதனம் என்பதற்கு அப்பால் அக்கதையும் செல்லவில்லை.

உற்பத்தி முறையையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். கொரிய ஆக்கங்களில் நான்கு ஆண்டுகளில் 250 கோடி டொலர் முதலிடப்போவதாக நெற்ஃபிளிக்ஸ் 2023 ஏப்பிரலில் அறிவித்தது. உலகெங்கும் ஒரே நாளில் விற்கப்படும் சரக்குக்கு, எந்நாட்டவர்க்கும் விளக்கமின்றிப் புரியும் உணர்ச்சி தேவை. சகோதரனின் மரணம் எங்கும் விளங்கும், யொங்சான் விளங்காது. எனவே வரலாறு பின்னணிச் சுவராகின்றது, வஞ்சினம் முன்னே வருகின்றது. 'சதுக்கம்' என்னும் தலைப்பு ஏற்றுமதியின்போது உதிர்ந்துபோனதும் இப்போக்குக்கு இயைந்ததே.

5

அத்தலைப்புக்கு இப்போது வருவோம். கொரிய இலக்கியத்தில் இதே பெயர் ஒரு மைல்கல். சோய் இன்-ஹூன் எழுதிய 'குவாங்ஜாங்' நாவல், ஏப்பிரல் எழுச்சி நடந்த அதே 1960இல், அவ்வெழுச்சி திறந்துவிட்ட வெளியில் வெளிவந்தது. அதன் நாயகன் லீ மியொங்-ஜுன், தெற்கில் மூடிய அறையையும் வடக்கில் உயிரற்ற சதுக்கத்தையும் கண்டு சலித்து, போர்க்கைதியாகி, நடுநிலை நாடொன்றை நாடித் 'தாகூர்' என்னும் கப்பலிற் செல்லும் வழியிற் கடலில் மறைகின்றான். மனிதர் ஒருவரையொருவர் சந்திக்கத்தக்க உண்மையான பொதுவெளி எங்கே என்பது அந்நாவலின் ஏக்கம். 2025இல் அதே சொல், குழுக்கள் அதிகாரத்துக்காகப் பொருதும் களத்தின் பெயராகிவிட்டது. தலைப்பொற்றுமை தற்செயலானதாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு குறுகுவது இலக்கிய மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியதாகும்.

வாழ்வில் அச்சொல் அவ்வாறு குறுகவில்லை என்பதே இங்கு முக்கியம். 2024 டிசெம்பர் 3ஆந் திகதி இரவு யூன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபோது மக்கள் தேசிய சபையின் வாயில்களில் திரண்டனர். சில மணித்தியாலங்களில், உள்ளே நுழைந்துவிட்ட 190 உறுப்பினரும் ஒருமனதாக அப்பிரகடனத்தை நிராகரித்தனர். அதன்பின் குளிர்காலம் முழுவதும் சியோலின் வீதிகளும் சதுக்கங்களும் மக்களால் நிரம்பின. 2025 ஏப்பிரல் 4ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவி நீக்கியது. யூன் 3ஆந் திகதி புதிய ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. மூன்று நாட்களின் பின் இத்தொடர் வெளியாயிற்று.

பல்லாயிரவர் பெயரின்றிக் கூடி ஓர் ஆட்சியாளனை அகற்றியதைக் கண்ட அதே மக்களுக்கு, பெயரற்ற பலரை ஒருவன் தனித்து வீழ்த்தும் கதை அளிக்கப்பட்டது. தொடர் மக்களின் கோபத்தைச் சரியாகவே இனங்கண்டது. கம்பெனியும் சட்டமும் அடியாளும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதையும் துணிந்து காட்டியது. இது அதன் நேர்மை. ஆனால் அக்கோபத்தைச் சதுக்கத்திலிருந்து பிரித்து, ஒரு தனிமனிதனின் நொண்டும் காலடியில் வைத்தது. திரளான மக்களைச் சரிந்து விழுவோராக அன்றி, எழுந்து நிற்போராகக் காட்டக்கூடிய உருவமொன்றினை இவ்வகைத் தொடர்கள் இன்னும் கண்டடையவில்லை. அவ்வுருவம் எத்தகையதாக இருக்கும் என்னும் வினாவைக் கொரியக் கலைஞர் முன் அவர்களது சமகால வரலாறே வைத்துள்ளது.