கோட்டுக்கு வலப்பக்கம்: தலைமையின் பால் குறித்துச் சில ஐயங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. பயிற்சியாளர் பலகையின் நடுவே நெடுக்காக ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் ஆண்மைத் தலைமை: கட்டளை, போட்டி, இலக்கு, துணிச்சல். வலப்பக்கம் பெண்மைத் தலைமை: கேட்டல், பகிர்தல், பொறுமை, அரவணைப்பு. இதுநாள்வரை இடப்பக்கத்தை மட்டுமே மதித்துவிட்டோம், இனி வலப்பக்கத்துக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். நானும்தான். அப்போது டீ வந்தது. எழுந்துபோய் டம்ளர்களை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தவர்கள் இரண்டு பெண் எழுத்தர்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வலப்பக்கத்தைக் கண்ணெதிரே பார்த்த திருப்தியில் பயிற்சியாளர் சிரித்தார்.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990இல் ஜூடி ரோசனர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெண்கள் தலைமை தாங்கும் விதம் பற்றி ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். ஆண்கள் தலைமையைக் கொடுக்கல் வாங்கலாக, அதாவது செய்த வேலைக்குப் பரிசு, தவறினால் தண்டனை என்பதாக விவரிக்கிறார்கள். பெண்களோ பங்கேற்கச் செய்தல், தகவலைப் பகிர்தல், பிறரின் சுயமதிப்பை உயர்த்துதல் என்பதாக விவரிக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. மேலாண்மைச் சொல்லாடலில் 'பெண்மைத் தலைமை' ஒரு சரக்காகப் புழங்கியதில் இக்கட்டுரைக்குப் பங்குண்டு. நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அவரே தருகிற காரணத்தை. பெண்கள் வளர்க்கப்பட்ட விதம் ஒன்று. பிறர்மீது முறையான அதிகாரமோ வளங்களின் மீது கட்டுப்பாடோ வெகுகாலம் அவர்களுக்கு இல்லாதிருந்தது மற்றொன்று. ஆக, உத்தரவு போட முடியாதவர்கள் தன்மையாகச் சொல்லி வேலை வாங்கிப் பழகியதுதான் இங்கே ஒரு பண்பாக எழுதப்படுகிறது. இல்லாமையைத் திறமை என்று மாற்றி எழுதிவிட்டால் அப்புறம் இல்லாமை பற்றிப் பேச வேண்டியதில்லை, பாருங்கள்.

கேட்டுச் செய்வது நல்லதில்லையா என்றால், நல்லதுதான். அதற்குப் பெண்மை என்று ஏன் பெயர் வைக்க வேண்டும் என்பதே கேள்வி. ரோசனருக்கு முன்பே, 1977இல், ரோசபெத் மாஸ் காண்டர் ஒரு பெருநிறுவனத்தை ஆராய்ந்து எழுதிய நூலில் வேறொன்றைக் காட்டியிருந்தார். பெண் மேலாளர்கள் சிடுசிடுப்பவர்கள், சின்ன விதிகளைப் பிடித்துத் தொங்குபவர்கள் என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. அது பாலின் குணமல்ல, பொறுப்பு இருந்து அதிகாரம் இல்லாத நாற்காலியின் குணம். அதில் ஆணை உட்கார வைத்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வான் என்றார் அவர். பதின்மூன்று வருஷத்தில் சிடுசிடுப்பு அரவணைப்பாகிவிட்டது. நாற்காலி என்னவோ அதேதான்.

கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு இருக்கிறது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் 1982இல் பங்குதாரராக முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அரசுத் துறையின் பெரிய ஒப்பந்தம் ஒன்றை நிறுவனத்துக்கு ஈட்டித் தந்தவர். ஆனால் மதிப்பீட்டுத் தாள்களில் ஆண்களைப் போல நடந்துகொள்கிறார், நளினம் பழக வேண்டும் என்கிற ரீதியில் குறிப்புகள். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் வேண்டும், ஒப்பனையும் நகையும் வேண்டும் என்று அவருக்கு அறிவுரை சொன்னவர் எதிரியல்ல. அவர் பங்குதாரராக வேண்டுமென்று விரும்பிய மேலாளர். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய அச்சுவார்ப்பும் பால் பாகுபாடுதான் என்றது. நீதிமன்ற ஆணையின் பேரில்தான் அவர் பங்குதாரரானார். அதிகாரத்துக்கு வர இடப்பக்கத்துக் குணம் வேண்டும். ஆனால் அந்தக் குணம் ஒரு பெண்ணிடம் இருந்தால் குற்றம். வலப்பக்கத்தை 'மதிப்பது' இந்தப் பொறியை எங்கே உடைக்கிறது? இன்னும் கொஞ்சம் பூ வைத்து அலங்கரிக்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளின் சங்கதி என்று ஒதுக்கிவிட எனக்கு வாய் வரவில்லை. நான் பல வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்தவன். எங்கள் கிளையில் சந்தா வசூல், மறியலுக்கு ஆள் திரட்டல், உடம்புக்கு முடியாதவர் வீட்டுக்குப் போய்வருவது எல்லாம் ஒரு அக்காவின் பொறுப்பு. செயலாளர் பதவிக்கு அவர் பெயரை ஒருவர் சொன்னபோது எழுந்து பேசியவன் நான்தான். "அக்காவுக்கு எல்லாரையும் அரவணைச்சுப் போற குணம். நிர்வாகத்தோட மல்லுக்கட்ட அது சரிப்படாது." அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்: "அரவணைச்சதுனாலதான தோழர் உங்க மறியலுக்கு ஆள் வந்துச்சு?" சிரித்தோம். அவரை மகளிர் துணைக்குழுவுக்குப் போட்டோம். செயலாளர் பதவி எனக்கு வந்தது. பயிற்சியாளர் கோடு போட வருவதற்கு வெகுமுன்பே சங்கத்துக்குள் நான் அதைப் போட்டுவிட்டிருந்தேன்.

2015 செப்டம்பரில் மூணாறிலிருந்து செய்திகள் வந்தபோது அக்காவின் கேள்விதான் நினைவில் வந்து நின்றது. கண்ணன் தேவன் தோட்டக் கம்பெனி 2005இல் டாடா டீயிடமிருந்து பிரிந்து, தொழிலாளர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்துத் தொடங்கப்பட்டது. பங்கேற்பு நிர்வாகத்துக்கு முன்மாதிரி என்று பேசப்பட்ட கம்பெனி, அதாவது வலப்பக்கத்துக் கம்பெனி. அது போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. நாள்கூலி அப்போது 232 ரூபாய். சங்கங்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. கொழுந்து கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தலித்துகள், ஆயிரக்கணக்கில் இறங்கிவந்து மூணாறு நகரத்தை முடக்கி உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம், கூலி 500 ரூபாய் என்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வந்தது. ஆதரவு தெரிவிக்க வந்த சங்கத் தலைவர்களை, ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என்ற பேதமில்லாமல், திருப்பி விரட்டினார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் வந்து உடன் உட்கார்ந்தபோது மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். 8.33 சதவீதம் போனஸ், மீதி 11.67 கருணைத்தொகை, ஆக 20 என்று முடிந்தது. கூலி அக்டோபரில் 301 ஆனது. அவர்கள் கேட்ட 500 கிடைக்கவில்லை.

இந்தத் தலைமையைக் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? தெருவை மறித்தது, தலைவர்களை வைதது, ஒரு எண்ணில் உறுதியாக நின்றது எல்லாம் இடப்பக்கம். நெரையில் பக்கத்தில் நிற்பவள், லயத்தில் அடுத்த சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவள் என்று ஆள் சேர்ந்தது வலப்பக்கம். இரண்டும் ஒரே பெண்ணிடம், ஒரே நாளில். கங்காணி வேலையும் சங்கப் பதவியும் ஆண்களிடம், கொழுந்தும் சந்தாவும் பெண்களிடம் என்று இருந்த ஏற்பாட்டைத்தான் அவர்கள் முதலில் தொட்டார்கள், பாணியை அல்ல.

பிறகு நடந்ததை எல்லோரும் வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள். நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி வட்டார ஊராட்சிக்கு ஜெயித்தார். லிசி சன்னிக்கும் அவருக்கும் பிணக்கு, அமைப்பு உடைந்தது. 2017இல் அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்திப் பேச, மறுபடி தெருவில் உட்கார்ந்தார்கள். "பொம்பளைங்க ஒண்ணு சேர்ந்தா இப்படித்தான்" என்று எங்கள் தோழர் ஒருவரே சொன்னார். ஏஐடியுசியிலிருந்து 1947இல் ஐஎன்டியுசி போனது, 1970இல் சிஐடியு பிறந்தது. அதற்கெல்லாம் நாம் வைத்த பெயர் கொள்கை வேறுபாடு. அவற்றை எழுத நூல்கள் உண்டு, நினைவு மலர்கள் உண்டு. மூணாறு உடைந்ததற்கு மட்டும் பால் காரணமாகிவிடுகிறது. அரசியல் கட்சிகள் எப்படி ஆள் பிடித்தன, ஒரு போராட்டத்தை அமைப்பாக நிறுத்திவைக்க அந்தப் பெண்களிடம் என்ன பணம் இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, கிலோக் கணக்கை முடித்துவிட்டுக் கூட்டத்துக்கு யார் வர முடியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் கிளையில் இதுவரை பெண் செயலாளர் வரவில்லை. சந்தா வசூல் இன்னும் பெண்களிடம்தான் இருக்கிறது.