பதிவு மூன்று, வருகை இரண்டு

2025 ஜூலையில் ஒரு காலை, சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்க்கரை ஊர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். கரும்பலகையின் மூலையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: பதிவு 3, வருகை 2. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, புதிதாக வெள்ளையடித்த சுற்றுச்சுவர். சத்துணவுக் கூடத்தில் சமையல் அக்கா அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் உலை வைத்திருந்தார். பள்ளிக்கு இருக்கும் ஒரே ஆசிரியரான தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்ததால், பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆசிரியை மாற்றுப் பணிக்கு வந்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பையனும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தான். அவள் தன் பாடத்தை முடித்துவிட்டு, அவன் முடிக்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழே முக்கால் மணிக்கு ஊர் முக்கில் தனியார் பள்ளி வேன்கள் மூன்று வந்து போயின. ஏறிய பிள்ளைகளை எண்ணினேன், பதினெட்டுப் பேர். திண்ணையில் இருந்த அப்பத்தா ஒருவரிடம், பள்ளிக்கூடத்தை மூடப்போவதாகப் பேச்சு இருக்கிறதே என்றேன். “பூட்டிட்டா ஓட்டுப் போட எங்கிட்டுய்யா போறது?” என்றார். பேரன் எங்கே படிக்கிறான் என்று கேட்டதற்கு, வேன் போன திசையைக் கையால் காட்டினார்.

அதே ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் சீதாபூர் மாவட்டத்துப் பிள்ளைகள் ஐம்பத்தோரு பேர், பெற்றோர் மூலமாக உயர் நீதிமன்றப் படியேறியிருந்தார்கள். ஐம்பதுக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்கலாம் என்று ஜூன் 16ஆம் தேதி மாநில அரசு பிறப்பித்த ஆணையை எதிர்த்த வழக்கு அது. ஜூலை 7ஆம் தேதி தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், அரசு தாக்கல் செய்த ஆவணங்களில் முரண்பாடுகள் இருப்பதைச் சுட்டிய இரு நீதிபதிகள் அமர்வு, சீதாபூரில் இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று ஜூலை 24ஆம் தேதி உத்தரவிட்டது. அடுத்த மாதம் தமிழ்நாட்டில், பிள்ளைகளே சேராததால் 207 அரசுப் பள்ளிகள் இயங்கவில்லை என்ற செய்தி வந்தது. நீலகிரியில் 17, சிவகங்கையில் 16, திண்டுக்கல்லில் 12. சீதாபூரில் பிள்ளைகள் வழக்காடினார்கள். இங்கே இரண்டு நாள் நாளிதழ்ச் செய்தியும் கட்சிகளின் அறிக்கைகளும் வந்தன. அந்த ஊர்களிலிருந்து பெற்றோர் யாரும் தெருவுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த இரண்டு எதிர்வினைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் பள்ளி இணைப்பைப் பற்றிப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் இணைப்பின் பக்கம் உள்ள நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பவர்கள் அதை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதில் உள்ள ஓர் எண்ணைத் தள்ளிவிட முடியவில்லை: 2016–17இல் இந்தியாவில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன, அவற்றில் 85,743 ஒன்று முதல் ஐந்து வரையிலான தொடக்கப் பள்ளிகள். ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே விடுமுறை. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம் எல்லாம் அவர் தலையில்தான். கபடிக்கு ஆள் சேராது. வாய்விட்டுப் படிக்கும்போது தவறினால் திருத்த இன்னொரு குரல் இருக்காது. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமிக்கு வகுப்பில் பேச ஒரு தோழி இல்லை. அவள் என் மகளாக இருந்தால் இந்தப் பள்ளியில் விடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடமாட்டேன். அப்படியிருக்க, பள்ளியை மூடக் கூடாது என்று எழுதும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் நிதி ஆயோக்கின் திட்டத்தின் கீழ் சுமார் 35,000 பள்ளிகள் சுமார் 16,000 பள்ளிகளாயின. அந்த இணைப்பின் பெயரே ‘ஒரு வளாகம், ஒரு பள்ளி’. ஒரே சுற்றுச்சுவருக்குள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியரும் நடுநிலைப் பள்ளிக்கு இன்னொருவருமாக இருந்ததை ஒன்றாக்குவது அது. பிள்ளை ஓர் அடிகூடக் கூடுதலாக நடக்கப்போவதில்லை. அதை எதிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஓர் ஊரின் பள்ளியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது வேறு காரியம். முன்னதன் வெற்றியைக் காட்டிப் பின்னதற்கு ஆணை போடுகிறார்கள், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டர் நடைதூரம் என்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது வழியைப் பொறுத்தது. நடுவில் நெடுஞ்சாலை இருந்தால் பெரியவர் கை வேண்டும். ஓடை இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி இல்லை. நடுவில் இன்னொரு சாதியின் தெரு இருந்தால், அது எந்த வரைபடத்திலும் தெரியாது. பிள்ளையின் தாய்க்குத் தெரியும். அடுத்த ஊர்ப் பள்ளியில் தன் பிள்ளை எங்கே உட்காரவைக்கப்படும், தண்ணீர்க் குடத்தைத் தொடலாமா என்பதும் அவளுடைய கணக்கில் உண்டு. 2014இல் ராஜஸ்தானில் சுமார் 17,000 பள்ளிகள் இணைப்புக்கு உள்ளானபோது, பெண்கள் பள்ளிகள் ஆண்கள் பள்ளிகளோடு சேர்க்கப்பட்ட இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. பிறகு ஒரு பகுதிப் பள்ளிகளை மறுபடி பிரிக்க வேண்டிவந்தது.

உத்தரப் பிரதேசத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். ஜூலை கடைசியில் அம்மாநில அடிப்படைக் கல்வி அமைச்சர் புதிய வரம்புகளை அறிவித்தார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் இணைப்பு இல்லை; ஐம்பது பேருக்கு மேல் படித்தால் இல்லை; வழியில் நெடுஞ்சாலையோ ஆறோ ரயில் பாதையோ குறுக்கிட்டால் இல்லை. சீதாபூரில் ஒரு தாய் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடியவை இவை. ஆணை எழுதும் முன் அவளைக் கேட்டிருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது. ஊர் மக்களின் எதிர்ப்பை உணர்ச்சிவசப்பட்ட கூச்சலாகவும் அதிகாரிகளின் பட்டியலைத் தரவாகவும் பார்க்கும் பழக்கம் நம் நிர்வாகத்தில் ஊறிப்போயிருக்கிறது. இந்த வழக்கில் அரசின் ஆவணங்களில்தான் முரண்பாடு இருந்தது, ஓடையும் சாலையும் ஊராருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தன.

இப்போது எதிர்ப்பின் குறைகளுக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

எதிர்ப்பு மிக எளிதில் கைமாறிவிடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி கட்சி தன் முழக்கத்தின் பெயரில் பாடசாலைகள் நடத்தி, ஆங்கில எழுத்துகளுக்குக் கட்சித் தலைவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு வழக்குகள் பதிவாயின. ஓடையைக் கடக்க முடியாத பிள்ளை பேச்சிலிருந்து மறைந்துபோனாள். ஆசிரியர் சங்கங்கள் களத்தில் இறங்கினாலும் பேச்சு பணி நிரவல், உபரிப் பணியிடம் என்று திரும்பிவிடுகிறது. அவர்களுடைய கவலை பொய்யில்லை. ஆனால் பணியிடத்தைக் காப்பதும் பள்ளியைக் காப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நான் பார்த்த பள்ளியில் பணியிடம் பத்திரமாக இருந்தது.

இதைவிடப் பெரிய குறை, எதிர்ப்பு வரும் நேரம். தமிழ்நாட்டில் பள்ளிகளுக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. 2023–24 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளிட்டவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தபோது மதுரை, தேனிப் பக்கம் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றிய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரட்டும் என்று பரிந்துரைத்தபோதும் சர்ச்சை கிளம்பியது. தங்கள் முன்னோரின் நிலமும் உழைப்பும் அந்தப் பள்ளிகளில் இருக்கின்றன என்ற மக்களின் உணர்வை நான் மதிக்கிறேன். நீதிபதியின் பரிந்துரையே சரி என்றும் நினைக்கிறேன். இங்கே நான் கவனிப்பது வேறொன்றை. பள்ளியின் பெயர் மாறும் என்றபோது ஊர் திரண்டது. பதிவேட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்றாக எண்ணிக்கை கரைந்தபோது ஓர் ஊரும் திரளவில்லை. முப்பதாக இருந்தது மூன்றாவதற்குப் பத்தாண்டு ஆகியிருக்கும். பூட்டு தொங்கும் நாளில் எழும் எதிர்ப்பு பத்தாண்டு பிந்தி வருகிறது.

பெற்றோர்மேல் மட்டும் பழி போட என்னால் முடியாது. 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மகப்பேறு விகிதம் 1.4. பிள்ளைகளே குறைவு. இருப்பவர்களையும் பெற்றோர் திருப்பூருக்கும் கோவைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களுக்குத் தனியார் பள்ளியில் இருபத்தைந்து விழுக்காடு இடம் தந்து, கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஊர்ப் பள்ளியில் இடம் காலியாக இருக்கும்போதும் வேனில் ஏறிப் போக அரசே பணம் கட்டிவிட்டு, பிறகு ஊர்ப் பள்ளியில் ஆள் இல்லை என்று கணக்குக் காட்டுகிறது. கர்நாடகம் 2018இன் இறுதியில் விதியைத் திருத்தி, அரசுப் பள்ளி இல்லாத இடங்களில் மட்டுமே இந்த ஒதுக்கீடு என்று மாற்றியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களிடமும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியையாவது கர்நாடகம் எழுப்பியது.

கோழிக்கோட்டில் மலாப்பறம்பு என்ற இடத்தில் அரசு உதவி பெறும் பழைய பள்ளி ஒன்று உண்டு. ஆதாயமில்லை என்று மேலாளர் மூட முயன்றார். 2014 ஏப்ரலில் ஓர் இரவில் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊரார் பணம் திரட்டி மறுபடி கட்டினார்கள். 2016இல் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பள்ளியைப் பூட்டும்படி ஆயிற்று. அந்த ஜூனில் பிள்ளைகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வகுப்பு நடந்தது. பிறகு மாநில அரசே பள்ளியை எடுத்துக்கொண்டது. இந்தப் போராட்டத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது முழக்கமில்லை, சிமெண்டு. இடித்த சுவரைத் தங்கள் காசில் எழுப்பியவர்கள் அந்தப் பள்ளியைத் தங்களுடையதாக எண்ணினார்கள்.

நம்மிடமும் அந்த எண்ணம் இருந்தது. ராஜாஜி ஆட்சியில் 6,000 பள்ளிகள் மூடப்பட்டதாக மேடைதோறும் சொல்கிறார்கள். அந்த எண்ணைப் பற்றிச் சண்டையிடுவதைவிட, அடுத்து வந்த காமராசர் காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன் தரும். அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, கட்டடம், நிலம் என்று மக்கள் கொடுத்தார்கள். இன்று ஆளில்லாத பள்ளிகளாக எண்ணப்படுபவற்றில் பல, யாரோ ஒரு தாத்தா எழுதிக்கொடுத்த இடத்தில் நிற்கின்றன. அவை சிறியதாக இருப்பதும் தற்செயலில்லை. பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே ஓராசிரியர் பள்ளிகளாகத் திறந்தார்கள். பள்ளியில்லாத இடத்தில் ஓர் ஆசிரியர் என்பது அன்று பெரிய முன்னேற்றம். எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதே ஓர் ஆசிரியர் என்றால், அவர் பள்ளியைத்தான் பெற்றோர் விட்டுப் போவார்கள்.

ஆகவே என் நிலை இது. நெடுஞ்சாலையோ ஓடையோ சாதித் தெருவோ குறுக்கிடாமல், பிள்ளையை ஏற்றிச் செல்ல அரசு வண்டி எழுத்தில் உறுதியாகி, சேரும் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால், மூன்று பேர் படிக்கும் பள்ளியை இணைப்பதே அந்த மூவருக்கும் நல்லது. ஆனால் அதை முடிவு செய்யும் கூட்டம் மூன்று பேராகும்போது நடக்கக் கூடாது. இருபதாகக் குறையும்போதே நடக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு; உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எண்ணிக்கை எமிஸில் ஆண்டுதோறும் ஏறுகிறது. அதை அந்தக் குழுவின் முன்னும் கிராம சபையின் முன்னும் வைத்து, இரண்டாவது ஆசிரியர் வந்தால் உங்கள் பிள்ளையை இங்கே சேர்ப்பீர்களா என்று வேனில் அனுப்பும் பெற்றோரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஆசிரியரை அனுப்பட்டும். இல்லை என்றால் அந்தப் பதிலையும் ஊர் தன் வாயால் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அதே ஊருக்கு மறுபடி போனேன். கூட்டம் பள்ளி வளாகத்திலேயே வேப்பமரத்தடியில் நடந்தது. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி எல்லாம் பேசினார்கள், நியாயமான கோரிக்கைகள். முக்கால் மணி நேரத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் வெளியூர்க்காரன் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்தச் சிறுமி காலையில் கொடியேற்றும்போது பாடியதற்குக் கிடைத்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பறைப் படியில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.