முப்பதாயிரம் பவுண் சீதனம்

செல்வக் குடியிற் பிறந்த பெண்ணும் பழங்குடிப் பெருமகனும் மணத்தால் இணைவது மேனாட்டு வரலாற்றிற் பலகாலும் நிகழ்ந்ததாகும். 1895 ஆம் ஆண்டிற் சிக்காகோ வணிகர் லைற்றரின் மகள் மேரி, பின்னர் இந்தியாவின் இராசப்பிரதிநிதியாக வந்த கர்சனை மணந்தாள். அதே ஆண்டில் கொன்சுவெலோ வண்டர்பில்ற் மார்ல்பரோக் கோமகனுக்கு மனைவியானாள். ஒருபால் பொன், மறுபால் குடிப்பெயர். இவ்வகை மணத்தின் உள்ளியல்பை அவற்றிற்கு முன்னரே, 1847 இல், காட்டிய நாவல் சார்லற் புரொண்டே இயற்றிய ‘ஜேன் அயர்’ ஆகும்.

ரொச்செஸ்ரரின் தந்தை நிலம் பிரிபடுவதை விரும்பாதவர். மூத்தவனுக்கு நிலம் முழுவதையும் வைத்து, இளையவனுக்குச் செல்வப் பெண்ணைத் தேடுகிறார். ஜமெய்க்காத் தோட்டக்காரர் மேசனின் மகள் பேர்த்தா முப்பதாயிரம் பவுணோடு வருகின்றாள். பணம் கணவன் கைக்குச் செல்ல, அவள் மேன்மாடத்தில் அடைபடுகின்றாள். மனைவியின் பொருளை மனைவிக்கே உரியதாக்கிய முழுமையான சட்டம் இங்கிலாந்தில் 1882 இலேயே தோன்றிற்று. சீதனம் பெண்ணின் தனியுடைமையாக நிற்கும் தேசவழமையை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.

ஜேனும் ஈற்றிற் செல்வப் பெண்ணே என்பதைப் பலர் கருதுவதில்லை. சிறிய தந்தை விட்டுச்சென்ற இருபதாயிரம் பவுணை மைத்துனர் மூவரோடு சமமாகப் பங்கிட்டு, தன் ஐயாயிரத்தோடு தானே விரும்பி ரொச்செஸ்ரரை அடைகின்றாள். முதற் சீதனம் பெண்ணை விலைப்பொருளாக்கிற்று. பிற்பொருள் அவளைத் தன்னுரிமை உடையவளாக்கிற்று. நாவலின் நீதி இவ்வொப்புமையில் அடங்கியுள்ளது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. மேசனின் தோட்டத்தில் உழைத்தோர் யாவர்? நூல் கூறவில்லை. 1966 இல் ஜீன் றீஸ் எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ என்னும் நாவல் பேர்த்தாவுக்கு அந்துவானெற் என்னும் பெயரையும் குரலையும் மீட்டுத் தந்தது. அதிலும் தோட்டத்து உழைப்பாளர் பின்னணியிலேயே நிற்கின்றனர்.

பதுளையிலிருந்து படிப்போர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. ஜமெய்க்காவிற் பயின்ற றைற்லர் 1837 இல் அந்நாட்டுக் கோப்பிச் செய்கை முறையை இலங்கைக்குக் கொணர்ந்தார். அடிமை முறை ஒழிந்த அத்தீவில் கோப்பி தளர, இங்கு வளர்ந்தது. ஊவா மலைச்சாரல்களிலும் காடழிந்து கோப்பியும், அதன் பின் தேயிலையும் தோன்றின. தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் அவ்வுழைப்பைத் தந்தனர்; 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர்.

இதனால் புரொண்டேயின் கலை சிறுமையுறாது. பெண்ணின் சீதனத்தை எண்ணிக் காட்டிய அவர், அதனை ஈட்டிய கைகளை எண்ணவில்லை. எண்ணப்படாத கைகளின் வழிவந்த மாணவர் இந்நூலைப் படிக்கும்பொழுது, அவ்வெண்ணிக்கையை நிறைவு செய்தல் திறனாய்வின் கடனாகும்.