சுதாவும் துளசியும்

பாகான் செராய் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்றால் லயம்தான். வேலை இருக்கும்வரை கூரை. தோட்டம் கைமாறினால் அதுவும் போச்சு. தாமான் வீட்டுக்கு முன்பணம் புரட்ட அலைந்த யாருக்கும் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதில் சுதாவாக வரும் அர்ச்சனாவுக்கு ஒப்பனை கிடையாது, பாட்டும் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வளசரவாக்கத்தில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று, மற்றதில் கட்டத் தொடங்குகிறாள். அப்புறம் படம் முழுக்க அவள் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். காது பேச்சில் இருக்கும். கண் மட்டும் எங்கோ தொகையைக் கூட்டிக்கொண்டிருக்கும். சம்பளத் தேதிக்கு முந்தின வாரம் என் அம்மா முகம் அப்படித்தான் இருக்கும்.

காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுவதைப் போட்டு உடைப்பவள் சித்தாள் மங்கம்மா. அது 'பசி' சத்யா. அவர் பேச வந்ததும் அர்ச்சனா ஓரடி பின்வாங்கி இடம் விடுகிறார். கதாநாயகிகள் செய்கிற காரியமா இது? தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைத் தடவிப் பார்க்கும்போது நமக்கு உயிர் போய் உயிர் வருகிறதே, அதற்கும் பாதிக் காரணம் அதுவரை இந்தப் பெண் பட்ட பாடுதான்.

சுதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே பி. நரசிங்க ராவின் தெலுங்குப் படமான 'தாசி'க்காக இன்னொன்று. இரண்டு விருது வாங்கியவரை வணிக சினிமா பெரிதாகத் தேடவில்லை. நடுவே நீண்ட இடைவெளிகள். 2018இல் 'சீதக்காதி'யில் நாடகக் கலைஞரின் மனைவியாக வந்தார். குறைவான காட்சிகள்தாம், ஆனால் அந்த வீட்டில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவர் போலவே நடமாடினார்.

அர்ச்சனாவின் உச்சம் எது என்று கேட்டால் எல்லாரும் 'வீடு' என்பார்கள். நான் 'சந்தியா ராகம்' (1989) என்பேன். அதில் அவர் துளசி. சென்னையில் ஒண்டுக்குடித்தனம், வயிற்றில் பிள்ளை, கைக்கும் வாய்க்குமான வருமானம். அங்கே கணவனின் உறவுக்காரக் கிழவர் ஒருவர் வந்து தங்குகிறார். துளசிக்கு அன்பும் அலுப்பும் ஒரே முகத்தில், ஒன்றையொன்று மறைக்காமல். கதை கிழவருடையது, துளசி பக்கத்துணை மட்டும்தான்.

விருது சுதாவுக்குப் போனது. என் ஓட்டு துளசிக்கு.