திறனளக்கும் கோல்

ஒரு தொழிலின் திறனை எதைக்கொண்டு அளப்பது? ஆங்கிலப் பொருளியல் அறிஞர் எம். ஜே. ஃபாரெல் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. குறைந்த இடுபொருளால் மிகுந்த விளைவு ஈட்டிய நிறுவனங்களைக் கொண்டு ஓர் எல்லைக்கோடு வரைக. ஏனையவை அதனின்று எத்துணை பின்தங்கின எனக் காண்க. அதுவே திறக்குறை என்பது அவர் கொள்கை. ஏட்டளவிலான உயர்நிலையை விடுத்து, நடைமுறையில் எய்திய சிறப்பையே அளவுகோலாக்கியது போற்றத்தக்கது.

ஆயினும், கணக்கில் சேராத காரணங்களும் இம்முறையில் திறக்குறையாகவே தோன்றும். ஜாசின் வட்டாரத்தில் இரண்டு இரப்பர்த் தோட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆளும் நிலமும் சமம். ஒன்றில் மரங்கள் நற்பருவத்தன, மற்றொன்றில் முதியன. முதிய மரத்தில் பால் குறைவு. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தாலோ மரம் வெட்டவே இயலாது. ஆளையும் நிலத்தையும் மட்டும் எண்ணும் கணக்கில், மரத்தின் முதுமையும் வானத்தின் மழையும் தோட்டத்தின் திறமையின்மையாகிவிடும். பழியோ தொழிலாளி மேல் விழும்.

1977இல் ஐக்னர், லவல், ஷ்மிட் ஆகியோர் தற்செயல் மாறுபாட்டைத் திறக்குறையினின்று பிரிக்கும் முறையை வகுத்தனர். மழைக்கு அது ஓரளவு மருந்து. மரத்தின் வயதை எண்ணியே ஆகவேண்டும். எதை எண்ணினர், எதை விட்டனர் என வினவிய பின்னரே தீர்ப்பை ஏற்றல் தகும்.