போரும் போர் அடித்தலும்

மற்போரைப் பற்றி எழுத ஒரு சமணன் ஏன் வந்தான் என்று மலரின் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாலைக் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளாக அரிசி வியாபாரம் செய்கிறவன் நான். பள்ளிப் படிப்போடு சரி. புறநானூறு படித்ததெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான். சென்ற மழைக்காலத்தில் என் பேரன் பழைய சண்டைப் பதிவுகள் சிலவற்றைக் கணினியில் போட்டுக் காட்டினான். பாதியிலேயே, "தாத்தா, இது சுத்த போர்!" என்றான். நம் மொழியில் போர் என்றால் சண்டை. இன்றைய பேச்சில் போர் என்றால் சலிப்பு. சண்டை எப்போது சலிப்பாகிறது, அந்தச் சலிப்பு யாருடைய குற்றம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எட்டுப் பேர், ஒரே இரவு

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் நடந்தது. குத்துச்சண்டை, சுமோ, ஜியு ஜிட்சு என்று வெவ்வேறு முறை பயின்ற எட்டுப் பேர் ஒரே இரவில் மோதினர். எடைப் பிரிவு இல்லை. மதிப்பெண் போடுவாரும் இல்லை. முதல் சண்டை 26 விநாடியில் முடிந்தது. கீழே விழுந்த சுமோ வீரர் டெய்லா டுலியின் முகத்தில் ஜெரார்ட் கோர்டோ உதைத்தார், பல் தெறித்தது. ஆனால் அன்று பட்டம் வென்றவர் பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி. எதிரியைக் கட்டிப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்து, கழுத்தைப் பூட்டி, அவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பதே அவர் முறை.

1994 டிசம்பரில் துல்சா நகர இறுதிச் சண்டையில், தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதலான டான் செவர்னின் அடியில் கிரேசி பதினைந்து நிமிடம் மல்லாந்து கிடந்தார். பிறகு தம் கால்களை அவர் கழுத்தில் முக்கோணமாகப் பூட்டி வென்றார். அதற்குள் ஒளிபரப்பு நேரம் தீர்ந்துபோய், வீட்டில் பணம் கட்டிப் பார்த்தவர் பலர் முடிவைக் காணவில்லை! 1995 ஏப்ரலில் சார்லட் நகரில் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் தரையில் பின்னிக் கிடந்தனர். வெற்றி தோல்வி இல்லை. கூட்டம் கூச்சலிட்டது.

இது புதிய கதையும் அன்று. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் நம் காமா பயில்வானோடு மோதிய போலந்தின் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தார். சமன் என்று அறிவித்தார்கள். 1928இல் பாட்டியாலாவில் அதே இருவர் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார். அப்படியானால் சீக்கிரம் முடிந்தால் சுவை என்று கொள்ளலாமா? அதுவும் இல்லை. 2012 மார்ச்சில் மும்பையில் சூப்பர் ஃபைட் லீக்கின் முதல் நிகழ்ச்சிக்குப் பெரும் பெயராக அழைத்துவரப்பட்ட பாப் சாப், முதல் சுற்றிலேயே கால் வலியோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். நேரம் மிச்சமானதுதான் லாபம்.

ஆமூரில் பார்த்தவர்கள்

போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியுள்ளார் (புறம். 80). அப்பாட்டில் வீரவசனம் இல்லை. ஒரு கால் எதிரியின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. கிரேசியின் கால்களைப் பார்த்தபோது எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பேரன் சலித்த இடத்தில் புலவர் பாட்டைக் கண்டிருக்கிறார். எந்தக் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

அரிசிக் கடையிலும் இதுதான் நடக்கிறது. விவரம் தெரிந்தவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, நொய்யும் பழமையும் பார்ப்பார். தெரியாதவர் வெளுப்பைப் பார்த்து வாங்கிப் போவார். கிழக்கேகோட்டையில் 1956 முதல் நடக்கும் சி.வி.என். களரியில் ஆசான் வாய்த்தாரி சொல்லச் சொல்ல மாணவர்கள் அடி வைப்பார்கள். ஒவ்வொரு அசைவும் சொல்லாக முன்னே வருவதால் என்னைப் போன்ற பாமரனுக்கும் கண் பழகுகிறது. அந்தத் தொடக்ககாலச் சண்டைகளுக்கு அப்படியொரு வாய்த்தாரி வாய்க்கவில்லை. ஆகவே அவை சுவையற்றவை என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

யார் கை, யார் பாவம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல் தெறித்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். யாருக்கும் காயம் படாத அந்தப் பதினைந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டேன். ஐம்பது ஆண்டாக இரவுணவைப் பொழுது சாயுமுன் முடிக்கிறவன்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் சமயத்தில் கொல்லாமைக்கு மூன்று வாசல் சொல்வார்கள்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். பார்த்து மகிழ்வது மூன்றாவது. ஆனால் சலிப்பு அதையும் தாண்டிச் செல்கிறது என்பதே என் கண்டுபிடிப்பு. துல்சாவுக்குப் பின் கால வரையறை வந்தது. அதற்கு ஒளிபரப்புக் காரணமும் உண்டு, மறுக்கவில்லை. பிறகு, தரையில் அசையாமல் கிடந்தால் நடுவர் எழுப்பி நிறுத்தலாம் என்றும் விதி வந்தது. எழுந்து நின்றால் என்ன நடக்கும்? குத்து விழும். ஆக, கூட்டத்தின் கொட்டாவி சட்டமாகிவிட்டது. உடன்பட்டவன் செய்விப்பவன் ஆகிவிட்டான்.

பழமையைத் தூக்கிப் பிடிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். சாத்தந்தையார் பாட்டின் முடிவில், மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோல மல்லனின் இரு தலையும் முறிகின்றன. அதைக் கிள்ளியின் தந்தை தித்தன் காண வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். இந்த இடத்தில் டென்வர் உயர்ந்தது என்பேன். அங்கே தட்டினால் விட்டுவிட வேண்டும். உள்ளங்கை தரையில் படும் அந்தச் சத்தம், பகையை அப்படியே நிறுத்துகிறது.

நக்கண்ணையார் பாட்டில் (புறம். 85) வென்றான் என்று ஒரு சாராரும் இல்லை என்று ஒரு சாராரும் வாதிடுகிறார்கள். பெருங்கோழி நாய்கன் மகளான அவளோ, இரு சாராரையும் விட்டு ஓடி, பனைமரத்தடியில் நின்று தன் கண்ணாலேயே பார்க்கிறாள். வணிகர் வீட்டுப் பெண்ணல்லவா, சரக்கை நேரில் பார்த்துத்தான் மதிப்பாள்.

பேரனுக்கு அந்தத் துல்சாச் சண்டையை மறுபடி போடச் சொன்னேன். "கையைப் பார்க்காதே, காலைப் பார்" என்றேன். இம்முறை முடிவுவரை பேசாமல் இருந்தான். மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் மாலையில் கடைக்கு வரலாம். சண்டை போடுவோம், சொற்போர்தான், தட்டினால் விட்டுவிடுவேன்.