கூற்றும் கேட்போரும்: மக்கள் செய்தி பற்றிய ஒரு திறனாய்வு
(இடுக்கி, பாலக்காட்டு எல்லைப் பகுதிகளை முன்வைத்து)

முன்னுரை

செய்தியை எழுதுவோர் ஒருபுறம், படிப்போர் மறுபுறம் என்னும் பிரிவினையை அச்சு இதழியல் நிலைநிறுத்தியது. 2000ஆம் ஆண்டில் தென்கொரியாவில் தோன்றிய ஓமைநியூஸ், குடிமக்கள் ஒவ்வொருவரும் செய்தியாளரே என்னும் கொள்கையை முன்வைத்து அப்பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்கியது. கைப்பேசியில் படக்கருவி இணைந்தபின் அக்கொள்கை அன்றாட நடைமுறையாயிற்று. 'குடிமக்கள் இதழியல்', 'பயனர் உருவாக்கும் செய்தி' ஆகிய தொடர்கள் இம்மாற்றத்தைக் குறிக்க எழுந்தவை. ஆயினும் தொழில்முறைச் செய்தியாளர் அல்லாதார் தரும் செய்தி அனைத்தையும் ஒரே வகையாக இத்தொடர்கள் அடக்கிவிடுகின்றன. இவ்வகைப்பாடு போதாது என்பதையும், தமிழ்ச் செய்யுளியல் இதற்கு நுட்பமானதோர் அளவுகோலைத் தருகிறது என்பதையும் கேரள எல்லைப் பகுதி நிகழ்வுகள் மூன்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோல்

தமிழ்ச் சூழலில் மக்கள் செய்தி புதியதன்று. கொலை, வெள்ளம், விபத்து ஆகியவற்றைச் சிந்தாகப் பாடிச் சந்தைகளில் விற்ற மலிவு நூல்களை ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. இதழாசிரியர் மேசைக்கு வெளியே பிறந்த செய்தி அது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடங்கும். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே, எப்போது என்னும் வினாக்களே இவை. அகப்பாடலில் தலைவி கூற்றும் தோழி கூற்றும் கண்டோர் கூற்றும் வெவ்வேறானவை. ஒரே நிகழ்வு கூறுவோர் மாறும்போது வேறு பொருள் கொள்கிறது. அகக்கவிதைக்குரிய இலக்கணத்தைச் செய்திக்குப் பொருத்துவது வலிந்து செய்வதாகாதா என வினவலாம். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அகத்திணை மரபன்று; மொழிதலுக்கு ஓர் இடமும் ஒரு செவியும் உண்டு என்னும் அடிப்படையே ஆகும்.

மூணாறு: தம் கூற்று

2015 செப்டம்பரில் மூணாற்றின் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், ஆயிரக்கணக்கில் திரண்டு கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தனர். ஊக்கத்தொகையை 20 விழுக்காடாக்க வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் தம்மிடம் அண்டவிடவில்லை. செப்டம்பர் 13ஆம் நாள் 8.33 விழுக்காடு ஊக்கத்தொகையும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உறுதி செய்யப்பட்டது.

இப்போராட்டத்தைப் படம்பிடித்தவை நிறுவனத் தொலைக்காட்சிகளே. எனவே கண்டிப்பான பொருளில் இது குடிமக்கள் இதழியல் ஆகாது எனலாம். ஆனால் அதுவரை தோட்டத் தொழிலாளரின் நிலையைச் செய்தியாளரிடம் எடுத்துரைத்தோர் சங்கத் தலைவர்கள். அகப்பாடல் வழக்கிற் கூறினால், தோழி மட்டுமே பேசிய களத்தில் தலைவி பேசலானாள். கூடை சுமப்பவர் யார், பணப்பை சுமப்பவர் யார் என எதிர்நிறுத்திய முழக்கத்தை எந்த இதழாளரும் எழுதித் தரவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரே அவர்தம் கூற்றுதான். 'பொம்பளை' என்னும் தமிழ்ப் பேச்சுவழக்கும், மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும் 'ஒருமை'யும் அதில் இணைகின்றன. பலர் கூடிய கூட்டம், தமிழ் இலக்கணத்தில் எண்ணைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டது. செய்தியை உருவாக்குவோர் என்பதற்குக் கருவி ஏந்தியவர் எனப் பொருள் கொள்வதினும், சொல்லுக்கு உரியவர் எனப் பொருள் கொள்வதே பொருத்தம் என்பது இதனாற் புலனாகும்.

பெட்டிமுடி: கூற்று எழாமை

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல அவர்களுள் அடங்கும். தொடர்மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தன. உயிர்தப்பியோர் நடந்து சென்றே உதவி கேட்க வேண்டியிருந்தது. மறுநாட் காலையில்தான் வெளியுலகம் இதனை அறிந்தது.

ஆகஸ்ட் 7ஆம் நாள் மாலை கோழிக்கோட்டு விமான நிலையத்தில் வானூர்தி விபத்து நேர்ந்தது. அங்குள்ள மக்களே முதலில் மீட்புக்கு ஓடினர். செய்தியும் படங்களும் உடனுக்குடன் பரவின. வானூர்தி விபத்தில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாயும் மாநில அரசு அறிவித்ததும், அவ்வேறுபாடு கண்டனத்திற்கு உள்ளானதும் அறியப்பட்டவை. இழப்பீட்டு வேறுபாட்டிற்குச் செய்திப் பரவல் ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும் ஒவ்வொருவரும் செய்தியாளரே என்னும் கொள்கை, அலைவரிசைக் கோபுரமும் மின்சாரமும் எங்கும் உள்ளன எனக் கொண்டு எழுந்தது என்பதைப் பெட்டிமுடி வெளிப்படுத்தியது. கண்டோர் இருந்தனர், களனும் காலமும் அவர்தம் கூற்று எழவிடவில்லை.

அட்டப்பாடி: செய்தோர் கூற்று

கோவை மாவட்டத்தை ஒட்டிய பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22ஆம் நாள் மது என்னும் பழங்குடி இளைஞர், அரிசி திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஒரு கூட்டத்தாரால் தாக்கப்பட்டு இறந்தார். கைகள் கட்டப்பட்ட அவருடன் தற்படம் எடுத்தவர்களும் காட்சியைப் பதிவு செய்து பரப்பியவர்களும் அக்கூட்டத்தினரே. பயனர் உருவாக்கும் செய்தி என்னும் வரையறை இப்பதிவுகளுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. ஆனால் இதனைக் கண்டோர் கூற்று எனல் பொருந்தாது. இது செய்தோர் கூற்று. கேட்போராக அவர்கள் எண்ணியது தம்மைப் பாராட்டும் நண்பர்களை. கேட்போர் மாறியபோது பெருமைப்பேச்சு குற்றச்சான்றாயிற்று.

வழக்கு விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். பதிவில் தாமே இடம்பெற்றிருந்த ஒருவர், 2022இல் அக்காட்சி தம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை எனக் கூறவே, அவருடைய பார்வையைச் சோதிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் 16 பேருள் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. எனினும் அப்பதிவுகளில் மதுவின் கூற்று இல்லை. அவர் காட்டப்பட்டவர் மட்டுமே. பதிவு பரவியதால் நீதிக்கு வழி பிறந்தது உண்மை. அதே பரவல் அவர் இழிவுபடுத்தப்பட்ட காட்சியை மீண்டும் மீண்டும் நிகழ்த்தியதும் உண்மை.

முடிவுரை

இம்மூன்று நிகழ்வுகளையும் ஒப்புநோக்கும்போது சில கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கருவி யார் கையில் இருந்தது என்பதைக் கொண்டு மக்கள் செய்தியை வரையறுத்தால் மூணாறு விலகும், அட்டப்பாடி இடம்பெறும். கூற்றுக்கு உரியவர் யார் என்பதைக் கொண்டு வரையறுத்தால் இந்நிலை தலைகீழாகும்.

இரண்டாவது, எல்லைத் தமிழரின் சொல்லுக்குக் கேட்போர் அமைவது அரிது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழர் மலையாள இதழ்களுக்கு மொழிச் சிறுபான்மையினர். தமிழக இதழ்களுக்கு வெளிமாநிலத்தவர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை வழங்குகிறது. செய்தியில் தம் மொழியில் கேட்கப்படும் உரிமையை எந்தச் சட்டமும் வழங்க இயலாது.

மூன்றாவது, சரிபார்த்தல் என்பது இதழியல் நமக்குப் புதிதாகக் கற்பித்த ஒன்றன்று. ஒற்றரின் சொல்லையும் பிற ஒற்றரின் சொல்லோடு ஒப்பிட்டு, மூவர் சொல் ஒத்தபின்னரே தெளிய வேண்டும் என்பது திருக்குறள் ஒற்றாடல் அதிகாரத்தின் கருத்து. மக்கள் செய்திக்கும் அது பொருந்தும்.

சிந்து நூல்கள் பல பேணுவாரின்றி அழிந்தபின்னரே ஆய்வுக்குரியவையாயின. மூணாற்று முழக்கங்களும் பெட்டிமுடியில் தப்பியோர் வாய்மொழியும் அந்நிலை அடையும்முன், கூறியவர் ஒப்புதலோடும் களன், காலக் குறிப்புகளோடும் தொகுக்கப்படல் வேண்டும். நாட்டார் வழக்காற்றுக் களப்பணியில் பயிற்சி பெற்ற தமிழ்த்துறைகள் இப்பணிக்கு உரியன.